குறைந்த செலவில் காரின் ஆட்டத்தை அடக்குவது எப்படி?



தோட்டத்தில் கார் என்பது ஆடம்பரப் பொருள் அன்று. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்வதும், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும், மாதச் சாமான் வாங்கி வருவதும் அதில்தான். பெரும்பாலும் அது வேறொருவர் பல ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்ற மைவியாகவோ சாகாவாகவோ இருக்கும். செம்பனைக் காட்டுச் செம்மண் சாலையில் குழிக்குக் குழி இறங்கி ஏறி, அதன் அடிப்பாகம் 'கடக் கடக்' என்று சத்தம் போடத் தொடங்கும். உடனே வீட்டு இளைஞர், "ஸ்போர்ட்ஸ் ஸ்பிரிங் போடலாம், அப்பா" என்பார். 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்று நிர்ணயிக்கப்பட்டது. இத்தகைய சாமான்கள் ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடக்கூடும். ஆகவே, எதற்கு முதலில் செலவு செய்வது, எதற்குச் செய்யக்கூடாது என்பதை இன்று நாம் கவனிப்போம்.

முதலில் ஒரு சிறு சோதனை. பழைய சைக்கிள் டியூபில் மெல்லிய கீற்று ஒன்றை வெட்டி, நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். கல்லை இழுத்து விட்டால் பலமுறை மேலும் கீழும் ஆடும். அதே கல்லை வாளித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு இழுத்து விடுங்கள். முன்னைவிடச் சீக்கிரம் அடங்கிவிடும். காரில் டியூபின் வேலையை ஸ்பிரிங் செய்கிறது. தண்ணீரின் வேலையை அப்சோர்பர் செய்கிறது. ஸ்பிரிங் வண்டியின் பாரத்தைத் தாங்கி, குழியின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அப்சோர்பருக்குள் உள்ள எண்ணெய் சிறு துவாரங்களின் வழியே பிதுங்கிச் சென்று ஆட்டத்தை அடக்கும். அப்சோர்பர் தளர்ந்தால் சக்கரம் சாலையில் ஒட்டாமல் குதிக்கும். குதிக்கும் சக்கரத்துக்குப் பிரேக் சரியாகப் பிடிக்காது. மழை நாளில் பிள்ளைகளோடு போகும்போது இதைவிட ஆபத்து வேறென்ன?

இனி, செலவு செய்யும் வரிசையைப் பார்ப்போம்.

முதலாவது, டயர். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள தாளில் எவ்வளவு காற்று வேண்டும் என்று எழுதியிருக்கும். காலையில், டயர் சூடேறும் முன் அளந்து பாருங்கள். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ் தேய்ந்திருந்தால் மாற்றியே ஆகவேண்டும். பக்கவாட்டில் உள்ள நான்கு எண்கள் அது செய்யப்பட்ட நாளைக் காட்டும். 2323 என்றால், 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

இரண்டாவது, மூட்டுகளும் ரப்பர் புஷ்களும். சத்தத்திற்குக் காரணம் பெரும்பாலும் இவைதாம். ரப்பர் நமக்குப் புதிதன்று. பால் மரம் சீவிய குடும்பங்கள் நாம். வெயிலிலும் எண்ணெயிலும் ரப்பர் கெடும் என்பதை அறிவோம். புஷ் வெடித்திருந்தால் சில கார்களில் புஷ்ஷை மட்டும் அழுத்திப் பொருத்தலாம்; முழுக் கையையும் வாங்கவேண்டிய அவசியமில்லை. பட்டறையில் இதைக் கேளுங்கள். சக்கரங்கள் தரையில் ஊன்றி, வண்டி தன் பாரத்தில் நிற்கும் நிலையில் புஷ்ஷின் போல்ட்டை இறுதியாக முடுக்கச் சொல்லுங்கள். தூக்கிய நிலையிலேயே முடுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பால் ஜாயிண்ட் ஆடினால் தள்ளிப்போட வேண்டாம். அது கழன்றால் சக்கரமே மடங்கிவிடும்.

மூன்றாவது, அப்சோர்பர். காரின் மூலையை அமுக்கி விட்டுப் பாருங்கள். எழுந்து உடனே நிற்காமல் இரண்டு மூன்று முறை ஆடினால் அது தளர்ந்துவிட்டது. ஆடாவிட்டாலும், எண்ணெய் வழிந்திருக்கிறதா, டயர் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மாற்றும்போது முன் இரண்டையும் ஒன்றாக, அல்லது பின் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். நான்குக்கும் ஒரே நேரத்தில் பணம் இல்லையென்றால் இரண்டு தவணையாகச் செய்யலாம். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் அப்சோர்பர் மலிவுதான். ஆனால் அதன் உள்ளே எவ்வளவு உயிர் இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? அதற்குப் பதில், காரின் அளவுக்கேற்ற சாதாரணப் புதிய அப்சோர்பரே மேல்.

கடைசியாக, சக்கர நேர்ப்பாடு, அதாவது அலைன்மெண்ட். மேற்சொன்ன வேலைகளெல்லாம் முடிந்த பிறகே இதைச் செய்யவேண்டும். முன்னரே செய்தால் அந்தப் பணம் வீண்.

செய்யக்கூடாதவையும் உண்டு. ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தாதீர்கள். வெட்டிய ஸ்பிரிங் விறைத்துப் போகும். குழியில் சக்கரம் தொங்கும்போது தன் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கிடையே செருகும் ரப்பர் கட்டைகள், தளர்ந்த அப்சோர்பரைக் குணப்படுத்தா. முன் சக்கரத்தின் ஸ்பிரிங் அப்சோர்பரைச் சுற்றி அமுங்கிய நிலையில் இருக்கும். அதை வீட்டில் கழற்ற முயலாதீர்கள். தெறித்தால் உயிருக்கே ஆபத்து. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவும் வேண்டாம்.

நேயர்களே, புதிய சாமான் பூட்டுவது மட்டும் மேம்பாடு ஆகாது. தேய்ந்ததைக் கண்டறிந்து முறையாகச் சீர்செய்தாலே பழைய கார் புதிய நடை நடக்கும். அடுத்த சம்பளத்தில் எதைச் செய்வது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து இன்றே ஒரு பட்டியல் போடுங்கள். வீட்டு இளைஞரையும் அழைத்து மேற்சொன்ன சோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள். அவருடைய ஆர்வம் நல்ல வழியில் செல்லும். உங்கள் குடும்பமும் பத்திரமாக வீடு திரும்பும்.