ஓடும் வீட்டின் கூரையில் ஓர் ஏ.சி.

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"சார், டெக்ஸாஸில் பையன் வண்டிக்கு ஏ.சி. மாற்றினீர்களாமே, அதைச் சொல்லுங்களேன்" என்று செயலாளர் கேட்டபோது எனக்கே கொஞ்சம் சிரிப்பாக இருந்தது. நம் காலனியில் யாரிடமும் ஆர்.வி. கிடையாது. ஆனால் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகள் ஏராளம். ஆறு மாதம் போய் இருந்துவிட்டு வருகிறோம். அங்கே பையனோ மாப்பிள்ளையோ ஒரு ஆர்.வி. வாங்கி வைத்திருந்தால், அதில் ஏறி வெயிலில் பயணம் போகப் போவது நீங்கள்தான். அதனால் கேட்டு வைத்துக்கொள்வதில் நஷ்டம் இல்லை.

ஆர்.வி. என்றால் படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், டாய்லெட் எல்லாம் உள்ளே இருக்கும் ஓடும் வீடு. சிலவற்றில் எஞ்சின் சேர்ந்தே இருக்கும். என் மகனிடம் இருப்பது டிரெய்லர் வகை. 26 அடி நீளம், பிக்கப் லாரி பின்னால் மாட்டி இழுக்க வேண்டும். இந்த வண்டிகள் பெரும்பாலும் இண்டியானா மாநிலத்தில் எல்க்ஹார்ட் என்ற ஊரைச் சுற்றித்தான் தயாராகின்றன. நம் சிவகாசிக்குப் பட்டாசு மாதிரி அந்த ஊருக்கு ஆர்.வி. பார்க்க மாளிகை மாதிரி இருக்கும். சுவரைத் தட்டிப் பார்த்தால் விஷயம் புரியும். மெல்லிய சுவர், மெல்லிய கூரை. வெளியே 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் அடித்தால், ஏ.சி. இல்லாத ஆர்.வி. மூடி வைத்த இட்லிப் பானைதான். வயதானவர்களையும் குழந்தைகளையும் அதில் உட்கார வைப்பது விளையாட்டுக் காரியம் இல்லை.

எங்கள் நிலவரம் இதுதான். ஜூன் மாதம். நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் கார்ல்ஸ்பாட் குகைகளையும் வைட் சாண்ட்ஸ் வெள்ளை மணல் மேடுகளையும் பார்க்கத் திட்டம். மகன், மருமகள், இரண்டு பேரக் குழந்தைகள், நாங்கள் இருவர். என் மனைவிக்கு இரத்த அழுத்தம் உண்டு, வெயில் ஆகாது. கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது ஏ.சி. நின்றுவிட்டது. ஃபேன் ஓடுகிறது, கம்ப்ரசர் எடுக்கும் நேரத்தில் பிரேக்கர் டிரிப் ஆகிறது. சர்வீஸ் சென்டரில் இருந்து ஒருவர் வந்தார், கால் மணி நேரம் பார்த்தார், "முழுசாக மாற்ற வேண்டும், 2,400 டாலர், மூன்று வாரம் கழித்துத்தான் தேதி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நம் ஊரிலும் இதே பாட்டுத்தானே? மெக்கானிக் வந்ததும் "கேஸ் இல்லை சார்" என்பார், அல்லது "புதுசு வாங்கிடுங்க" என்பார். சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கடன் மனுவில் கையெழுத்துப் போடும் முன் ஆவணம் பார்ப்பது போல, பணம் போடும் முன் நான்கு விஷயம் பார்த்துவிட வேண்டும்.

கூரை ஏ.சி.யின் அமைப்பு எளிதுதான். பழைய விண்டோ ஏ.சி. நினைவிருக்கிறதா? அதை மல்லாக்கப் படுக்க வைத்துக் கூரையில் பொருத்தியது மாதிரி. கம்ப்ரசர், இரண்டு காயில், ஃபேன் எல்லாம் ஒரே பெட்டியில். கூரையில் 14 அங்குலத்துக்கு 14 அங்குலம் ஒரு சதுர ஓட்டை. அதன் மேல் பெட்டி, கீழே உட்கூரையில் காற்று வரும் தட்டு. இரண்டையும் நான்கு நீளமான போல்ட்டுகள் பிடித்துக்கொண்டிருக்கும். கேஸ் பொதுவாகத் தொழிற்சாலையிலேயே அடைத்து மூடப்பட்டது. நம் ஸ்பிளிட் ஏ.சி. போல நிரப்புவதற்கு வால்வு வைப்பதில்லை. ஆகவே கேஸ் கசிந்திருந்தால் பெரும்பாலும் பெட்டியை மாற்றுவதுதான் வழி. ஆனால் ஏ.சி. ஓடாததற்குக் காரணம் கேஸ் மட்டும் இல்லை. ஃபில்டர் அடைத்திருக்கலாம். காயிலில் பனி கட்டியிருக்கலாம். வோல்டேஜ் குறைவாக இருக்கலாம். அங்கே 120 வோல்ட், அது 105க்குக் கீழே போனால் கம்ப்ரசர் திணறும். கெப்பாசிட்டர் போயிருக்கலாம். அதன் விலை சொற்பம்.

பக்கத்து வீட்டு அமெரிக்கர் ஒருவர், என் வயதுதான், வருஷத்தில் பாதி நாள் ஆர்.வி.யிலேயே ஊர் சுற்றுகிறவர், மல்டிமீட்டரோடு வந்தார். முதலில் வோல்டேஜ் பார்த்தார், சரியாக இருந்தது. 28 டாலருக்குப் புதுக் கெப்பாசிட்டர் வாங்கிப் போட்டார். (மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். தெரிந்தவர்தான் தொட வேண்டும்.) அதற்கும் பிரேக்கர் டிரிப் ஆனது. பிறகு கம்ப்ரசரின் வயர்களைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்ததில் வைண்டிங் பாடி ஷார்ட் என்று உறுதியானது. ஆக, சர்வீஸ்காரர் சொன்னது சரிதான். ஆனாலும் அந்த 28 டாலரை நான் வீண் செலவாக எழுத மாட்டேன். 2,400 டாலர் கேள்விக்கு அது சரிபார்ப்புக் கட்டணம்.

அடுத்து எதை வாங்குவது? மகன், "அப்பா, பழையது 13,500 பி.டி.யூ. இதே விலைக்குப் பக்கத்தில் 15,000 கிடைக்கிறது, பெரிசா போட்டுடலாமா?" என்றான். நமக்குப் பழகிய கணக்கில் 12,000 பி.டி.யூ. ஒரு டன். அவன் கேட்பது ஒன்றேகால் டன். இருந்தது ஒன்றும் எட்டில் ஒரு பங்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டிக்கு வரும் மின்சாரம் 30 ஆம்பியர். 120 வோல்ட்டால் பெருக்கினால் 3,600 வாட், அவ்வளவுதான் மொத்த வருமானம். கூரை ஏ.சி. 13 முதல் 15 ஆம்பியர் வரை எடுக்கும். மைக்ரோவேவ் பன்னிரண்டு, பதின்மூன்று. வெந்நீர் ஹீட்டரை மின்சாரத்தில் போட்டால் இன்னொரு பன்னிரண்டு. மூன்றையும் கூட்டிப் பாருங்கள். சம்பளம் முப்பது, இ.எம்.ஐ. நாற்பது! வங்கியில் இப்படி ஒரு மனு வந்தால் மேனேஜர் திருப்பி அனுப்பிவிடுவார். வண்டியில் பிரேக்கர் அந்த வேலையைச் செய்கிறது. 50 ஆம்பியர் வண்டி என்றால் கதை வேறு, அதில் 12,000 வாட் வரை கிடைக்கும். எங்களுக்குப் பழைய அளவே போதும் என்று முடிவானது.

கம்பெனியும் முக்கியம். டோமெட்டிக், கோல்மன் மாக் என்று அங்கே பெரிய பெயர்கள் இருக்கின்றன. ஒரு கம்பெனியின் மேல் பெட்டி இன்னொன்றின் உட்கூரைத் தட்டோடும் தெர்மோஸ்டாட்டோடும் சேரும் என்று நம்பக் கூடாது. அதே கம்பெனியில் வாங்கினால்கூட, பழைய தட்டுக்குப் பொருந்துமா, குளிர்காற்று நேராக வரும் வகையா, கூரைக்குள் டக்ட் வழியாகப் போகும் வகையா என்று மாடல் எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். நான் மேலே ஏறவில்லை. 65 வயதில் 11 அடி உயரக் கூரை எனக்கு எதற்கு? கீழே உட்கார்ந்து பழைய மாடல் எண், புதிய மாடல் எண், வயர் நிறங்கள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். மகன் செல்போனில் படமும் எடுத்தான். இரண்டும் வேண்டும் என்பது என் கட்சி.

வேலையை ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தார்கள். பத்து மணிக்கு மேல் அந்தக் கூரையில் கை வைக்க முடியாது. முதல் காரியம், வெளி மின்சார பிளக்கைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் துண்டித்தது. இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் வீட்டு கேரேஜில் ஆர்.வி.க்கென்று 30 ஆம்பியர் பிளக் பாயிண்ட் போடச் சொன்னால், அது 120 வோல்ட்டுக்குத்தான் என்று எலக்ட்ரீஷியனிடம் அழுத்திச் சொல்லச் சொல்லுங்கள். துணி உலர்த்தும் மெஷின் பாயிண்ட் என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. பிளக் மாட்டிய நொடியில் வண்டிக்குள் இருக்கும் சாமான்கள் புகைந்துவிடும்.

உட்கூரைத் தட்டைக் கழற்றி, வயர்களைப் பிரித்து, நான்கு போல்ட்டையும் எடுத்ததும் பழைய பெட்டி கையோடு வந்தது. எடை கிட்டத்தட்ட 45 கிலோ. ஏணியில் ஒருவர் தோளில் வைத்து இறக்கும் சாமான் இல்லை அது. பிக்கப் லாரியை டிரெய்லரை ஒட்டி நிறுத்தி, கூரையில் இருந்து லாரித் தளத்துக்கு, அங்கிருந்து தரைக்கு என்று இரண்டு தவணையாக இறக்கினார்கள். மேலே இரண்டு பேர், கீழே இரண்டு பேர்.

பெட்டி போன பிறகு தெரிகிற அந்தச் சதுர ஓட்டைதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த முக்கியமான இடம். ஏ.சி. செத்தால் ஆயிரம் டாலரில் இன்னொன்று வாங்கலாம். கூரைக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் மரம் ஊறி, மட்கி, வண்டியின் மதிப்பே போய்விடும். பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டையைச் சுற்றி ஒவ்வோர் அங்குலமாகக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே போனார். ஒரு மூலையில் காப்பிக் கறை மாதிரி ஒரு தடம் இருந்தது. நாங்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம். அழுத்தினார், கத்தி முனையால் குத்திப் பார்த்தார். மரம் கெட்டியாக, உலர்ந்து இருந்தது. எப்போதோ பட்ட ஈரம். மெத்தென்று இருந்திருந்தால் புதுப் பெட்டியை அட்டைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, பயணத்தையும் ரத்து செய்ய வேண்டியதுதான். மட்கிய கூரையில் 45 கிலோவை ஏற்றி நெடுஞ்சாலையில் குலுங்கிக்கொண்டு போக முடியாது.

தண்ணீரைத் தடுப்பது எது தெரியுமா? குக்கர் கேஸ்கட் மாதிரி ஒரு கேஸ்கட்; ஸ்பாஞ்ச் போல இருக்கும், பெட்டியின் அடியில் ஓட்டையைச் சுற்றி ஒட்டியிருக்கும். கூரைக்கும் பெட்டிக்கும் நடுவில் அது மட்டும்தான். பழைய கேஸ்கட்டின் மிச்சத்தைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, சோப்புத் தண்ணீரால் துடைத்தார்கள். கூரை ரப்பர் விரிப்பாக இருந்தால் பெட்ரோல், தின்னர் வைத்துத் துடைக்கக் கூடாது, ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். புதுப் பெட்டியைக் கூரையில் வைத்த பிறகு இழுத்து நகர்த்தவும் கூடாது. இழுத்தால் கேஸ்கட் கிழியும், கிழிந்தது மேலே இருப்பவருக்குத் தெரியாது. தூக்கித்தான் வைக்க வேண்டும். சுற்றிலும் சிலிகான் பூசினால் இன்னும் பத்திரம் என்று மகன் நினைத்தான். நிறுவும் குறிப்பேட்டில் வேண்டாம் என்றே போட்டிருந்தது. பூசிவிட்டால் உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கும், அடுத்த முறை கழற்றுவதும் பெரும்பாடு.

நான்கு போல்ட்டையும் கார் டயர் மாட்டும்போது செய்வது போல எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார்கள். கேஸ்கட் அரை அங்குலத்துக்கு அமுங்கும் வரைதான். அதற்கு மேல் முறுக்கினால் கேஸ்கட் நசுங்கும், பெட்டியின் அடித்தகடு வளையும். குறைவாக முறுக்கினால் ஒழுகும். பலசாலிக்கு இங்கே வேலை இல்லை, பொறுமைசாலிக்குத்தான். பிறகு வயர்கள், மறக்காமல் எர்த். கடைசியாக ஒரு சின்ன விஷயம்: உட்கூரைக்குள் குளிர்காற்று வரும் பாதையும் அறைக்காற்று திரும்பிப் போகும் பாதையும் ஒரு தடுப்பால் பிரிக்கப்பட்டிருக்கும். அதில் இடுக்கு இருந்தால் குளிர்காற்று அறைக்கு வராமல் நேராகத் திரும்பிப் பெட்டிக்குள்ளேயே போய்விடும். அலுமினிய ஃபாயில் டேப்பால் அந்த இடுக்குகளை அடைத்தார்கள். பழைய ஏ.சி.யில் அதை யாரும் அடைத்திருக்கவில்லை. "வாங்கிய நாளில் இருந்தே இது சரியாகக் குளிர்ந்ததில்லை மாமா" என்று மருமகள் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பதினொரு மணிக்குப் போட்டோம். உள்ளே இழுக்கும் காற்று 90 டிகிரி, வெளியே தள்ளும் காற்று 70. இந்த வித்தியாசம் 16 முதல் 22 டிகிரிக்குள் இருந்தால் மெஷின் சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம்; எல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு. பிறகு தோட்டத்து ஹோஸ் பைப்பால் கூரையில் தண்ணீர் விட்டுக்கொண்டே, உள்ளே டார்ச் அடித்து அரை மணி நேரம் பார்த்தோம். ஒரு சொட்டும் இல்லை.

கணக்கு சொல்லாவிட்டால் என்னைக் கிளார்க் என்றே யாரும் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். பெட்டி 1,050 டாலர், 8.25 சதவீத விற்பனை வரியோடு 1,136.63. கெப்பாசிட்டர் 28. டேப், சில்லறைச் சாமான்கள் 41. மொத்தம் 1,205 டாலர் 63 சென்ட். ஏறக்குறைய பாதிதான். ஆனால் நான்கு பேர் ஐந்து மணி நேரம் செய்த வேலைக்கு நோட்டில் பூஜ்யம் போட்டால் அந்தக் கணக்கு பொய். தெரிந்த ஆள் ஒருவர் பக்கத்து வீட்டிலேயே இருந்தார், வேறு கூலி வாங்காமல் இட்லி சாம்பாரோடு திருப்திப்பட்டார். உங்கள் பிள்ளைகளுக்கு அப்படி ஆள் இல்லை என்றால், தூக்கப் பலம் இல்லை என்றால், வண்டிக்கு வாரண்டி பாக்கி இருந்தால், 2,400 கொடுத்துவிடுவதே நல்லது என்பேன். வாரண்டியைப் படிக்கவும் சொல்லுங்கள். சில கம்பெனிகள் அங்கீகாரம் பெற்றவர் பொருத்தினால்தான் பொறுப்பேற்கும்.

திட்டமிட்ட தேதியில் கிளம்பினோம். கார்ல்ஸ்பாட் குகைக்குள் வருஷம் முழுக்க 56 டிகிரிதான், அங்கே ஏ.சி.யே வேண்டாம், என் மனைவி சால்வை கேட்டாள். வைட் சாண்ட்ஸுக்குப் பக்கத்தில் அலமகோர்டோவில் தங்கிய மதியங்களில்தான் கூரைப் பெட்டியின் அருமை தெரிந்தது. திரும்பி வந்ததும் மகன் நான்கு போல்ட்டையும் மறுபடி சரிபார்த்தான். முதல் பயணத்தில் கேஸ்கட் கொஞ்சம் படியும் என்பதால் அதைச் செய்தே ஆக வேண்டும். இரண்டு போல்ட் கால் சுற்று வாங்கின.

பழைய பெட்டியை என்ன செய்தீர்கள் என்று மாடி வீட்டுக்காரர் நேற்றே கேட்டார். அங்கே குப்பையில் போட முடியாது. உள்ளே இருக்கும் கேஸைக் காற்றில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம். கேஸைப் பிரித்தெடுக்கும் வசதியுள்ள பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, மகன் ரசீது வாங்கி வந்தான். அந்த ரசீதும், வயர் நிறங்கள் எழுதிய பக்கமும் என் நோட்டில் இருக்கின்றன. வேண்டியவர்கள் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிக்கொள்ளலாம்.