எடை ஈயும் மெல்லிய கோலும்

(மாக் மண்டினில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தூண்டில் போடுவது நமக்குப் புதிய கலையன்று. மூங்கில் கழியும் தங்கூசியும் மண்புழுவும் கொண்டு தோட்டத்து ஓடையில் விரால் பிடித்துப் பழகியவர் நம்மிடையே பலர். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது வேறொரு முறை. இறகு, மயிர், நூல் ஆகியவற்றை முள்ளில் கட்டி, பூச்சியைப் போலவோ சிறுமீனைப் போலவோ தோன்றச் செய்த போலி இரையை வீசிப் பிடிப்பது அது. அவ்விரையை ‘ஈ’ என்றே குறிப்பிடுவோம். மெல்லிய கோலில் எடை மிகுந்த ஈயைக் கட்டி, முழுப் பலத்துடன் வீசிப் பழகும் இளைஞர்கள் உளர். அவர்களுடைய கண்களைப் பற்றிய கவலையே நம்மை இங்குப் பேச வைக்கின்றது.

இம்முறை வெள்ளைக்காரத் துரைமார்களின் பொழுதுபோக்காகவே நம்மவர்க்கு அறிமுகமாயிற்று. மதராஸ் மாகாணத்தில் அரசுப் பணியாற்றிய ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பார், இந்திய ஆறுகளில் தூண்டில் பிடிப்பதைப் பற்றி 1873-ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் வெளியிட்டார். அவர் பெரிதும் பாராட்டிய மஹ்சீர் மீன், நம் நாட்டுக் கெலாவுக்கு நெருங்கிய உறவு. காவிரியில் வாழ்வதும் பகாங் ஆறுகளில் வாழ்வதும் ஓரினத்தின் கிளைகளே. துரைமார் காலம் கழிந்தது. கோல் இன்று யார் கைக்கும் வரலாம். தெமெங்கோர், கெனியர் ஏரிகளில் செபாராவ் உண்டு. பினாங்கின் கழிமுகங்களில் சியாக்காப், அதாவது கொடுவா உண்டு. இவை யாவும் ஈயைக் கவ்வும் மீன்களே. (மீன் எதைத்தான் தின்னாது! நம் இரப்பர் மரத்தின் தாயகமாகிய அமேசான் ஆற்றில், வெள்ளக் காலத்தில் நீரில் விழும் இரப்பர் விதைகளை உடைத்துத் தின்பதற்கென்றே வலிய பற்களைப் பெற்றதுபோல் தம்பாக்கி என்றொரு மீன் வாழ்கின்றது.)

இனிச் செய்திக்கு வருவோம். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு முன்னே பறக்க, தங்கூசி அதன் பின்னே இழுபட்டுச் செல்கின்றது. ஈ வீசும் முறையில் இது தலைகீழ். ஈக்கு எடை கிடையாது. தடித்த கயிற்றுக்கே எடை. கயிறு வளைந்து சுருள் விரிவதுபோல் முன்னோக்கிச் செல்ல, நுனியிலுள்ள ஈ அதன் பின்னே செல்கின்றது. நான்காம் எண் கோல் என வழங்கும் மெல்லிய கோலுக்குரிய கயிற்றில் முதல் 30 அடியின் எடை 120 கிரெயின், அதாவது ஏறத்தாழ 8 கிராம். அந்த நுனியில் ஒரு கிராம் எடையுள்ள ஈயைக் கட்டினால், கயிற்றின் எடையில் எட்டில் ஒரு பங்கு ஓரிடத்தில் திரண்டு நிற்கின்றது. இறகு நீரை உறிஞ்சினால் இன்னும் கூடும்.

அங்ஙனமாயின் எடை எதற்கு? மீன் பெரும்பாலும் ஆழத்தில் மேய்வதால்தான். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றில் ஆற்றுக் காவலராகப் பணிபுரிந்த பிராங்க் சாயர், நூலுக்குப் பதிலாக மெல்லிய செப்புக் கம்பியால் ஈயைக் கட்டி மூழ்கச் செய்தார். அமெரிக்காவில் பாப் கிளவுசர் என்பார் 1987-இல் ஈயின் தலையில் இரட்டைக் குண்டு வடிவில் ஈயக் கண்களைக் கட்டினார். முன்னது சிறிய எடை. மெல்லிய கோல் தாங்கும். பின்னதன் பெரிய அளவுகளை ஏழாம், எட்டாம் எண் கோல்களுக்கே விட்டுவிடுதல் நலம் என்பது நம் கருத்து.

தவறு நேர்வது எங்கே? கயிறு பின்புறம் நீண்டு முடியும்போது எடையற்ற ஈ அடங்கிவிடும். எடை ஈயோ நிற்காது. வெடுக்கென இழுத்துத் துள்ளும். அதனால் கயிறு தளரும். அந்நேரம் பார்த்து நாம் முன்னோக்கி வீசினால், ஈ தாழ்ந்து வந்து கோலின் நுனியையோ நம் காதையோ தாக்கும். கார்பன் கோலில் விழும் சிறு கீறல் அன்று தெரியாது. பிறிதொரு நாள் மீன் இழுக்கையில் கோல் அவ்விடத்தில் முறியும்.

மரஞ்சீவும் கை இதற்கு ஏற்ற கை. கத்தியை அழுத்தினால் பட்டையைத் தாண்டி மரத்தில் காயம்படும் என்பதை நீங்கள் அறிவீர்கள். இங்கும் விசை தேவையில்லை. இடையறாத இழுவை தேவை. கோலைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பின்னே கொண்டுசென்று, எங்கும் நிறுத்தாமல் வட்டமாக மேலே திருப்பி, தலைக்கு மேலாக முன்னே விடுக. இதனைப் பெல்ஜிய வீச்சு என்பர். கயிறு எப்பொழுதும் இறுக்கமாகவே இருப்பதால் ஈ துள்ளுவதில்லை. போகும் வழியும் வரும் வழியும் வேறாதலால் சிக்கலும் இல்லை. வளைவு அகலமாக இருக்கட்டும். குறுகிய வளைவே அழகு என்று புத்தகங்கள் கூறும்; எடை ஈக்கு அவ்வழகு ஆகாது. கயிற்றின் முனையில் கட்டும் தங்கூசி ஏழரை அடிக்கு மேல் வேண்டாம். சற்றுத் தடித்ததாகவும் இருக்கட்டும். காற்றில் பலமுறை ஆட்டிக்கொண்டிராமல், நீரில் கிடக்கும் கயிற்றை நேராக்கி, அதன் பிடிப்பைக் கொண்டே தூக்கி, ஒரே வீச்சில் விட்டுவிட வேண்டும். தூரத்தை மறந்துவிடுங்கள், 30 அடியில் மீன் உண்டு.

வலக்கைக்காரருக்கு வலப்புறமிருந்து காற்றடித்தால் ஈ தலையை நோக்கியே வரும். அப்பொழுது நீருக்கு முதுகைக் காட்டி நின்று, பின்வீச்சிலேயே ஈயை நீரில் விடுக. காற்று மிகுந்தால் கோலைச் சுருட்டிவிட்டு வீடு திரும்புவதில் இழுக்கில்லை.

முதற்பயிற்சி ஆற்றில் வேண்டாம்; பந்து விளையாடும் திடலில் நிகழட்டும். முள்ளுக்குப் பதிலாகக் கம்பளி நூல் முடிச்சும் அதனருகில் ஒரு சிறு குண்டும் போதும். பிறகு முள் கட்டும் நாளில் அதன் எதிர்நாக்கைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். தொப்பியும் கண்ணாடியும் அணியாமல் எவரும் வீசலாகாது. பக்கத்தில் நின்று பார்க்கும் தம்பி தங்கையரை இரண்டு கோல் நீளத்துக்கு அப்பால் நிறுத்துக, பின்புறத்தில் எவரையும் நிறுத்தற்க.

இத்தனைக்கும் மீறி முள் கண்ணில் தைத்துவிட்டால் அதைப் பிடுங்காதீர்கள். கண்ணைக் கசக்கவோ கழுவவோ வேண்டாம். தங்கூசியை மட்டும் வெட்டிவிடுங்கள். தூய்மையான காகிதக் குவளை ஒன்றைக் கண்ணில் படாதவாறு கவிழ்த்து ஒட்டி, மற்றக் கண்ணையும் துணியால் மூடுங்கள். ஒரு கண் அசைந்தால் மற்றதும் அசையும். பின்னர் சிறிதும் தாமதியாமல், தோட்ட மருந்தகத்தில் நில்லாது, நேரே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.