பேட்டரிக்கும் பசி, தாகம் உண்டு

(பழவங்காடியில், சரக்குக் கிடங்குத் தொழிலாளர்களிடையே நிகழ்த்திய பேச்சு)



பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னால் தேங்காய் உடையும் சத்தம் ஓயாது. அங்கிருந்து சற்று நடந்தால் சாலைக் கடைத்தெரு. அரிசி, பருப்பு, மிளகு, துணி என்று எல்லாச் சரக்கும் அங்கே வந்து இறங்கும். அந்த மூட்டைகளைத் தலைமுறை தலைமுறையாகத் தலையில் சுமந்தவர்கள் உங்கள் தந்தையரும் பாட்டனார்களும்தான். அவர்களுடைய உரிமைக்காகக் கேரளத்தில் 1978-இல் சுமைத் தொழிலாளர் சட்டம் வந்தது.

இன்று பெரிய கிடங்குகளில் மூட்டையைத் தூக்க ஒரு வண்டி வந்துவிட்டது. அதற்கு முன்னால் இரண்டு இரும்புக் கரங்கள் இருக்கும். அந்தக் கரங்கள் பாரத்தை அடியில் தாங்கித் தூக்கும். அதுதான் போர்க்லிப்ட்.

டீசல் போர்க்லிப்ட் புகை கக்கும். மூடிய கிடங்கில் அந்தப் புகை மூச்சை அடைக்கும். அரிசி, தேயிலை, மருந்து வைக்கும் இடத்தில் பேட்டரி வண்டியே நல்லது. அந்த வண்டியின் உயிர் பேட்டரியில் இருக்கிறது.

பேட்டரியின் விலை சில லட்சம் ரூபாய். நன்றாகப் பார்த்துக்கொண்டால் சுமார் 1500 தடவை சார்ஜ் ஏற்றலாம். வருடத்துக்கு 300 நாள் வேலை என்றால் ஐந்து வருடம் உழைக்கும். கவனிக்காமல் விட்டால் இரண்டே வருடத்தில் படுத்துவிடும்.

உள்ளே என்ன இருக்கிறது?

1859-இல் பிரான்சு நாட்டில் பிளாந்தே என்ற விஞ்ஞானி ஈய பேட்டரியைக் கண்டுபிடித்தார். உள்ளே ஈயத் தகடுகள் இருக்கும். அவை மூழ்கும்படி கந்தக அமிலம் கலந்த நீர் இருக்கும். இதைத்தான் ஆசிட் என்கிறோம்.

ஒரு செல் 2 வோல்ட் கொடுக்கும். 24 செல்களைச் சேர்த்தால் 48 வோல்ட்.

வண்டி ஓட ஓட, ஆசிட்டில் உள்ள கந்தகம் தகட்டில் போய் ஒட்டும். சார்ஜ் ஏற்றினால் அது மறுபடியும் ஆசிட்டுக்குத் திரும்பும். சார்ஜ் இறங்கிய பேட்டரியை நாள்கணக்கில் அப்படியே போட்டால் அந்த ஒட்டல் கல்லாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. பசியோடு கிடந்தே பேட்டரி செத்துப்போகும்.

எதைப் பார்த்து வாங்குவது?

"வாங்குவது முதலாளி. அது எங்களுக்கு எதற்கு?" என்று ஒருவர் கேட்கலாம். வண்டி கவிழ்ந்தால் அதில் இருப்பவர் தொழிலாளி. அதனால் இது உங்களுக்கும் தெரிய வேண்டும்.

முதலில் எடையைப் பாருங்கள். முன்னால் தூக்கும் பாரத்துக்குப் பின்னால் எதிர்ப் பாரம் வேண்டும். தராசின் இரண்டு தட்டு மாதிரி. பேட்டரியின் எடையும் அந்த எதிர்ப் பாரத்தில் சேர்ந்தது. பெரிய பேட்டரி ஒன்றே ஒரு டன்னை நெருங்கும். குறைந்தது எத்தனை கிலோ வேண்டும் என்று வண்டியில் உள்ள தகட்டில் எழுதியிருக்கும். விலை குறைவு என்று எடை குறைந்த பேட்டரியை வைத்தால் வண்டி முன்பக்கம் குடை சாயும்.

அடுத்து வோல்ட். தகட்டில் 48 என்று இருந்தால் 48-தான் வாங்க வேண்டும்.

மூன்றாவது, எவ்வளவு நேரம் ஓடும் என்ற கணக்கு. பேட்டரி மேல் 600 ஆம்பியர் மணி என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்கு எண்பது பங்குதான் எடுக்கலாம். அதாவது 480. வண்டி சராசரியாக 60 ஆம்பியர் இழுத்தால் 8 மணி நேரம் ஓடும். அதற்கு மேல் ஓட்டினால் பேட்டரியின் ஆயுள் குறையும்.

நான்காவது, கார் பேட்டரி இதற்கு ஆகாது. கார் பேட்டரி எஞ்சினைக் கிளப்ப ஒரு நொடி வேகம் கொடுப்பது. அதன் தகடு மெல்லியது. நாள் முழுக்க உழைக்கும் பேட்டரிக்குத் தடித்த தகடு வேண்டும்.

கடைசியாக, செய்த தேதியைப் பாருங்கள். கடையில் பல மாதம் கிடந்த பேட்டரி தானாகவே சார்ஜ் இறங்கியிருக்கும். சார்ஜரும் அந்த பேட்டரிக்குப் பொருத்தமானதாக இருக்க வேண்டும்.

எப்போது உணவு? எப்போது தண்ணீர்?

8 மணி நேரம் வேலை, 8 மணி நேரம் சார்ஜ், 8 மணி நேரம் ஓய்வு. உழைப்பாளிகள் தங்களுக்குக் கேட்டு வாங்கிய அதே எட்டு மணிக் கணக்குதான். சார்ஜ் ஏறிய பேட்டரி சூடாக இருக்கும். அது ஆற வேண்டும். பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு.

டீ குடிக்கும் நேரத்தில் கொஞ்சம், சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் என்று சார்ஜ் போடாதீர்கள். வேலை முடிந்ததும் ஒரே தடவையாக முழுதும் ஏற்றுங்கள்.

சார்ஜ் ஏறும்போது தண்ணீர் வாயுவாகப் பிரிந்து போகும். அதனால் பேட்டரிக்குத் தாகம் எடுக்கும். சார்ஜ் முடிந்த பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி உயரும். முன்பே நிறைய ஊற்றினால் வெளியே வழிந்துவிடும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முன்பே ஊற்றலாம்.

"எங்கள் கிணற்றுத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்குமே, அதை ஊற்றினால் என்ன?" என்று கேட்கலாம். கண்ணுக்குத் தெரியாத உப்பும் இரும்பும் அதில் உண்டு. அவை தகட்டைக் கெடுக்கும். காய்ச்சி வடித்த டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். ஆசிட் ஊற்றவே கூடாது. வற்றியது தண்ணீர்தான், ஆசிட் அல்ல.

ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழாயால் ஆசிட்டை உறிஞ்சிப் பாருங்கள். முழுச் சார்ஜில் ஏறக்குறைய 1280 காட்டும். நாள் முழுக்க உழைத்தபின் 1150-க்குப் பக்கத்தில் நிற்கும். எல்லாச் செல்லும் 1280 காட்ட, ஒரு செல் மட்டும் 1240 காட்டினால் அந்தச் செல்லுக்கு நோய் என்று பொருள். உடனே சொல்லிவிடுங்கள்.

உயிருக்கு ஆபத்து எங்கே?

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். ஹைட்ரஜன் லேசானது. மேலே போய்க் கூரையில் தங்கும். ஆகவே கூரை ஓரத்தில் காற்று வெளியேற வழி வேண்டும். சார்ஜ் ஏறும்போது வண்டியில் பேட்டரிப் பெட்டியின் மூடியைத் திறந்து வையுங்கள்.

அங்கே பீடி கூடாது. சார்ஜரை அணைக்காமல் வயரைப் பிடுங்கக் கூடாது. ஸ்பேனரைப் பேட்டரி மேல் வைக்கக் கூடாது. மோதிரம், காப்பு, வளையலைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள்.

ஆயுத பூசை அன்று வண்டிக்குப் பொட்டு வைத்து மாலை போடுவார்கள். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் கற்பூரமும் ஊதுபத்தியும் சார்ஜ் அறைக்குள் வேண்டாம். வண்டியை வெளியே நிறுத்திக் கும்பிடுங்கள்.

ஆசிட் கண்ணில் பட்டால் உடனே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பதினைந்து, இருபது நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு டாக்டரிடம் ஓடுங்கள். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கேட்டு வாங்கி அணியுங்கள். அவை உங்கள் உரிமை.

ஈயம் மெல்லக் கொல்லும் விஷம். கை கழுவாமல் சாப்பிடாதீர்கள். வேலைத் துணியைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். பழைய பேட்டரியை வீட்டு முற்றத்தில் உடைத்து ஈயம் எடுக்காதீர்கள். ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டில், தலைநகர் டாக்கருக்குப் பக்கத்தில் ஓர் ஊர். அங்கே பழைய பேட்டரி ஈயம் மண்ணில் கலந்தது. 2007 நவம்பர் முதல் 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்தன. பழைய பேட்டரி முறையாகத் திரும்பிப் போக வேண்டும் என்று இந்தியாவில் 2001-இல் விதி வந்தது. 2022-இல் புதிய விதி வந்தது. பழையதை விற்பனையாளரிடமோ, பதிவு பெற்ற நிறுவனத்திடமோதான் கொடுக்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

பேட்டரி சீக்கிரம் கெட்டுப்போனால் பழி யார் மேல் விழும்? வண்டி ஓட்டியவர் மேல், சார்ஜ் போட்டவர் மேல். வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எழுதி வைத்திருந்தால் நம்புவார்கள்.

ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, சார்ஜ் போட்ட நேரம், எடுத்த நேரம், ஹைட்ரோமீட்டர் காட்டிய எண், ஊற்றிய தண்ணீர் என்று கோடு போட்டு எழுதுங்கள். கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். கைரேகை வைத்த காலம் போய்விட்டது. கம்பெனியிடம் உத்தரவாதம் கேட்கப் போகும்போது அந்த நோட்டு முதலாளிக்கும் உதவும். குறை உங்களுடையது அல்ல என்று சாட்சியும் சொல்லும்.

கற்ற எழுத்து கையில் இருக்கிறது. நாளைக் காலையிலேயே முதல் வரியை எழுதுங்கள்.

நினைவில் கொள்ளுங்கள்

1. வண்டித் தகட்டில் உள்ள எடைக்குக் குறைந்த பேட்டரி வேண்டாம்.
2. சார்ஜ் இறங்கிய பேட்டரியை அன்றே சார்ஜ் போடுங்கள்.
3. சார்ஜ் முடிந்தபின் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள்.
4. சார்ஜ் அறையில் நெருப்பு கூடாது, காற்றோட்டம் வேண்டும்.
5. கை கழுவிய பிறகே சாப்பாடு.
6. தினமும் நோட்டில் எழுதுங்கள்.