ஏற்றத்திலும் மந்தத்திலும் கையேடு எழுதுபவர்



"டெக்னிக்கல் ரைட்டர் வேலைக்குப் போகலாமா அண்ணா?" என்று இறுதியாண்டுத் தம்பிகள் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் எந்தத் தொழிலில் என்று பார்த்துப் போகணும்.

1990களின் கடைசியில் அமெரிக்காவில் டாட்காம் கம்பெனிகள் பெருகியபோது, மென்பொருளுக்குக் கையேடு எழுத ஆட்களைத் தேடித் தேடி எடுத்தார்கள். 2000 மார்ச்சில் 5,000-ஐத் தாண்டிய நாஸ்டாக் குறியீடு, 2002 அக்டோபரில் 1,100 அளவுக்குச் சரிந்தது. எழுதுபவர்கள் பலருக்கு வேலை போனது. காரணம் எளிது: கையேடு இல்லாமலும் மென்பொருளை விற்றுவிடலாம்.

விமானத்தில் அது நடக்காது. பராமரிப்புக் கையேடு தயாராகாமல் புது ரக விமானத்தைச் சேவைக்கு விட அமெரிக்க விதி அனுமதிக்காது. ஐரோப்பாவில் இயந்திரம் விற்றால், விற்கும் நாட்டின் மொழியில் கையேடு சேர்த்துத் தருவது சட்டம். மந்த காலத்திலும் அங்கே எழுத ஆள் வேண்டும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் முதல் வரைவைக் கணினியே எழுதித் தருகிறது. அது சொல்லும் போல்ட் முறுக்கு அளவு சரிதானா என்று பார்க்க, அந்த இயந்திரத்தைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்தானே வேண்டும்?

ஆகவே தம்பிகளே, வேலை நிறைய கிடைக்கும் காலத்திலேயே எழுத்தோடு பொருளையும் படித்து வையுங்கள். மந்தத்தில் அதுதான் கைகொடுக்கும்.