கருவியின் சட்டத்தை நாமும் எழுதப் பழகுவோம்!

(கல்முனையில் மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சட்டம் பயின்ற நாம் கணினியைப் பற்றிப் பேசுவதேன் என்று நீங்கள் வினவலாம். கணினிக்குள்ளும் ஓர் அரசு உண்டு. எந்த நிரல் முதலில் ஓடுவது, எதற்கு எவ்வளவு நினைவகம், எக்கோப்பை எவர் திறப்பது என்று அதுவே தீர்ப்பளிக்கின்றது. அதனையே பணிசெயல் முறைமை என்கின்றோம். அதன் சட்டங்களை ஒருவரியேனும் வாசித்தறியாத குடிகளாகவே நாம் வாழ்கின்றோம்.

வாசிப்பதற்கே தடை இருந்த காலமும் உண்டு. 1976 இல் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஜோன் லயன்ஸ், யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கருநிரலுக்கு மாணவர் பொருட்டு உரை எழுதினார். 1979 இல் ஏழாம் பதிப்பு வந்தபோது, மூலநிரலை வகுப்பிற் கற்பித்தலாகாது என உரிமம் விதித்தது. மாணவர் என் செய்தனர்? அவ்வுரையைப் பிரதிக்கு மேற் பிரதி எடுத்துக் கைமாற்றிப் படித்தனர். அது முறைப்படி நூலாக வெளிவர 1996 வரை காத்திருக்க நேர்ந்தது!

ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் அன்றூ தனன்பாம் வேறு வழி கண்டார். கற்பிப்பதற்கென்றே மினிக்ஸ் என்னும் சிறு முறைமையைத் தாமே எழுதி 1987 இல் வெளியிட்டார். அதனைப் பயின்ற பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 இல் தம் 21 ஆம் வயதில் லினக்ஸை வெளியிட்டார். இன்று உங்கள் கையிலுள்ள அன்ட்ரொயிட் தொலைபேசியின் கருவும் அதுவே.

தொடக்கம் மிகச் சிறிது. பழைய முறையில் எழும் கணினி, வட்டின் முதல் 512 பைட்டுகளை வாசிக்கும். இறுதி இரண்டில் உரிய அடையாளம் இருப்பின் அதற்கே ஆட்சியை ஒப்படைக்கும். அவ்விடத்தில் உங்கள் நிரலை எழுதுங்கள். திரையில் ஆங்கில எழுத்தைக் காட்டுவது எளிது. அதன் உருவம் பொறியிலேயே உண்டு. தமிழ் 'அ' அவ்வாறு வாராது. புள்ளி புள்ளியாக நீங்களே வரைதல் வேண்டும். 1991 இல் யுனிக்கோடின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு எண்கள் கிடைத்தன. எண் கிடைப்பது வேறு, எழுத்துத் திரையில் எழுவது வேறு. 1987 இல் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஏட்டில் ஏறிய உரிமை தானாகக் கருமத்தில் இறங்குவதில்லை என்பதை நாம் அறியோமா?

"பெருநிறுவனங்களை வெல்லவா இம்முயற்சி?" என்பர் சிலர். அன்று! மருதமுனை நெசவாளர் ஆலைகளை வெல்வதற்காகத் தறியைக் கற்கவில்லை. ஆயினும் நூல் அறுந்தால் எங்கே அறுந்தது என்று அவர் அறிவார். பிறரை அழைத்துக் காத்திரார். அந்த அறிவே நமக்கு வேண்டுவது.

யுனிக்ஸ் ஆறாம் பதிப்பை அடியொற்றி அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2006 இல் எழுதிய எக்ஸ்வி6, இன்று எவரும் வாசிக்கக் கிடைக்கின்றது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. ஐவர் ஐவராகக் கூடுங்கள். வாரம் ஒரு மாலை ஒதுக்குங்கள். வாசியுங்கள், எழுதுங்கள், பிழைத்தால் திருத்துங்கள். உங்கள் முறைமை முதன்முதல் திரையில் 'அ' எழுதும் நாளில் எம்மை அழையுங்கள், வந்து காண்போம்!