பலகைக்குக் கீழே நிற்பவர்



கடைகளின் பெயர்ப்பலகையில் தமிழே முதலிடம் பெறல் வேண்டுமென்று தமிழன்பர் நெடுங்காலமாகப் போராடி வருகின்றனர். அவ்வுரிமைக்கு அடிப்படை எது? 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகளுள் 15-ஆவது. அதே சட்டத்தில் 41-ஆம் பிரிவு என்றொன்றும் உண்டு. அதனை எத்துணைப் பேர் படித்துளர்?

தியாகராய நகரின் அரங்கநாதன் தெருவிலும் உசுமான் சாலையிலும் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் காலைமுதல் இரவுவரை நிற்கும் இளைஞரும் இளம்பெண்டிரும் பலர் நெல்லை, தூத்துக்குடி முதலிய தென்மாவட்டத்தார். உண்பதும் உறங்குவதும் முதலாளி தந்த விடுதியில். ஆதலின் வேலை போயிற்றென்றால் அன்றிரவே கூரையும் போயிற்று! நிலுவைச் சம்பளத்தைக் கேட்டு நிற்பதற்கும் நகரில் ஓர் இடமில்லை. "பொருளைத் திருடினாய்" என்றொரு சொல் போதும், உசாவலுமில்லை, ஓலையுமில்லை.

41-ஆம் பிரிவு கூறுவதென்ன? தொடர்ந்து ஆறு திங்கள் பணிசெய்த ஒருவரைத் தக்க கரணியமின்றி நீக்கலாகாது. ஒரு திங்கள் முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தரல் வேண்டும். குற்றஞ்சாட்டி நீக்குவதாயின், உசாவல் நடத்திச் சான்றுகளைப் பதிவுசெய்தல் வேண்டும். சாட்டினாற் போதாது, மெய்ப்பித்தல் வேண்டும். நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீட்டு அலுவலர் தாமே சான்றுகளைப் பெற்று முழுவதையும் ஆராயலாமென உச்சநயன்மன்றமும் 1997-இல் தீர்ப்புரைத்தது.

பிறகேன் பயனில்லை? ஆறு திங்கள் உழைத்ததை மெய்ப்பிக்கத் தாள் வேண்டுமே! பணியமர்த்தல் ஓலை பலர்க்கு இல்லை. உள்ளவர்க்கும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தலைக்குமேல் தமிழ்ப்பலகை, கையில் ஆங்கில ஓலை! வைப்புநிதி எண், தொழிலாளர் காப்பீட்டு அட்டை, வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய குறிப்பு, வருகையட்டை இவற்றுள் ஒன்றேனும் இருப்பின் வழக்கிற்குக் கால் கிடைக்கும். அவற்றின் படியை ஊரிலுள்ள வீட்டுக்கு அனுப்பிவைத்தல் நன்று. விடுதிப் பெட்டியில் வைத்தது விடுதியோடு போகும்.

அமர்வதற்கு இருக்கை தரவேண்டுமென்னும் 22-அ பிரிவு 2021-இல்தான் இச்சட்டத்தில் சேர்ந்தது. நிற்பவர்க்கு இருக்கை கிடைக்கவே 74 ஆண்டுகள்!

மேல்முறையீட்டுக்கோ 30 நாள்களே. தேனாம்பேட்டையிலுள்ள தொழிலாளர் துறை அலுவலகம் அரங்கநாதன் தெருவிலிருந்து நெடுந்தொலைவில் இல்லை. ஆனால் நீக்கப்பட்ட பெண் அன்றிரவே நெல்லைக்குப் பேருந்தேறி விடுகிறாள். அந்த 30 நாளும் அவளுக்கு ஊரிலேயே கழிந்துவிடுகின்றன.