போலீஸ் மேல் கேஸ் போடலாமா?



பொய் வழக்கில் உள்ளே போய் வெளியே வந்தவருக்கு நம் ஊரில் கிடைக்கிற முதல் ஆறுதல் என்ன? "விட்டுத் தள்ளுங்க, முழுசா வந்தீங்களே, அது போதும்." தயவுசெய்து இந்த ஆறுதலை யாருக்கும் சொல்லாதீர்கள்.

நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன், இஸ்ரோவில் கிரையோஜெனிக் திட்டத்தைக் கவனித்த விஞ்ஞானி. ராக்கெட் ரகசியத்தை விற்றார் என்று 1994 நவம்பர் 30 அன்று கேரளப் போலீஸ் கைது செய்தது. 50 நாள் காவல். 1996இல் சி.பி.ஐ., குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்று அறிக்கை கொடுத்தது. மாநில அரசு விட்டதா? மறுபடியும் விசாரிக்கிறேன் என்று கிளம்பியது. 1998இல் உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

அன்றைக்கு அவருக்கு வயது 56. வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருந்தால், நிரபராதி என்ற பெயர் மிஞ்சியிருக்கும். பிடித்து உள்ளே வைத்தவர்களை ஏன் வைத்தாய் என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவர் கேட்டார். மனித உரிமை ஆணையம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று படி ஏறினார். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், அந்தக் கைதே தேவையற்றது என்றது. 50 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அதிகாரிகள் மீது என்ன நடவடிக்கை எடுக்கலாம் என்று பார்க்க நீதிபதி டி.கே. ஜெயின் தலைமையில் குழு போட்டது. 2020இல் கேரள அரசு இன்னும் 1.3 கோடி கொடுத்து சிவில் வழக்கை முடித்துக்கொண்டது. எல்லாம் வரி கட்டியவன் பணம், எந்த அதிகாரியின் சம்பளத்திலும் பிடித்ததில்லை! அதனால்தான் எனக்குப் பணத்தைவிட அந்தக் குழு பெரிதாகத் தெரிகிறது.

24 வருஷம் ஐயா. எல்லோராலும் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். கேஸ் போடாமல் விடுவதும் ஒரு முடிவுதான். ஆனால் அது நீங்கள் எடுத்த முடிவாக இருக்கட்டும். காலண்டர் எடுத்த முடிவாக இருக்கக் கூடாது. பொய் வழக்குக்கு நஷ்டஈடு கேட்க, விடுதலையான நாளிலிருந்து ஒரே வருஷம்தான் கெடு. அரசாங்கத்தின் மீது வழக்கென்றால் பொதுவாக இரண்டு மாத நோட்டீஸ் வேறு கொடுக்க வேண்டும். சொந்தக்காரர்கள் ஆறுதல் சொல்லி முடிப்பதற்குள் ஒரு தீபாவளியும் பொங்கலும் போய்விடும்.

ஆகவே தீர்ப்பு வந்த அன்றைக்கே சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையா? மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போய்க் கேளுங்கள்.